படகுக்கும் முகாமுக்கும் ஹாம் ரேடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையேறுகிறவர்களும், பாய்மரப் படகு, கயாக் என்று கடலில் இறங்குகிறவர்களும் ஹாம் ரேடியோ பற்றிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஹாம் ரேடியோ என்பது உரிமம் பெற்ற ஆர்வலர்கள் வியாபார நோக்கமில்லாமல் சொந்தக் கருவியில் பேசிக்கொள்ளும் ரேடியோ சேவை, அப்படிப் பேசுகிறவர்களை ஹாம்கள் என்பார்கள். இந்தியச் சட்டத்தையும் தமிழ்நாட்டு மலைகளையும் கடற்கரையையும் மனதில் வைத்து இங்கே பதில்கள்.

செல்போன் இருக்கும்போது ஹாம் ரேடியோ எதற்கு?

டவர் இருக்கிற இடத்தில் தேவையே இல்லை. அங்கே செல்போன்தான் சிறந்தது, 112க்கு அழைத்தால் போதும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மடிப்பைத் தாண்டி இறங்கினால் சிக்னல் போய்விடும். கரையிலிருந்து சில மைல் கடலுக்குள் போனாலும் அதே கதைதான். ஹாம் ரேடியோவில் உங்களுக்கும் மறுமுனைக்கும் நடுவில் எந்த நிறுவனத்தின் கருவியும் தேவையில்லை. உங்கள் பேட்டரி, உங்கள் ஆன்டெனா, அந்தப் பக்கம் இன்னொருவர். அவ்வளவுதான்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேரில் இருந்தது. அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர்கள் அவர்கள். மற்றத் தொடர்புகள் அறுந்த நாட்களில் அந்தக் கருவிகளே செய்தி கொண்டுபோகும் வேலைக்குத் திரும்பின. இதைச் சொல்லி ஹாமைப் பெருமைப்படுத்தாதவர் யாருமில்லை. ஆனால் அதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு: அந்த நேரத்தில் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருக்க ஆட்கள் இருந்தார்கள். இதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

உரிமம் கட்டாயமா? காட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

கட்டாயம். விலக்குப் பெற்ற சில கருவிகளைத் தவிர, இந்தியாவில் உரிமமில்லாமல் ஒலிபரப்புவது மட்டுமல்ல, ஒலிபரப்பும் கருவியை வைத்திருப்பதே குற்றம். காட்டுக்குள் யார் பார்ப்பார்கள் என்றால், வனத்துறைதான் பார்க்கும். பையில் வாக்கி டாக்கியோடு வருகிறவரைச் சந்தேகப்பட அவர்களுக்குக் காரணம் நிறைய உண்டு. கடலோரத்திலோ கடலோரக் காவல் குழுமம், கடலோரக் காவல்படை, கடற்படை என்று மூன்று கண்கள்.

தேர்வு கடினமா?

இல்லை. 12 வயது நிரம்பிய யாரும் எழுதலாம், பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு வகுப்புகள் உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட வகுப்புக்கு எழுத்துத் தேர்வு மட்டும்: அடிப்படை மின்னணுவியல், ரேடியோ, அப்புறம் விதிமுறைகள். பொது வகுப்புக்கு மோர்ஸும் (புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் முறை) சேரும். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளம் வழியே போகிறது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையில் உள்ள வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம்தான் பழக்கமான இடம்.

முகாமுக்கும் படகுக்கும் கட்டுப்படுத்தப்பட்ட வகுப்பே தாராளம். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் பட்டையும் (குறுகிய தூரத்துக்கான அலைவரிசைகள்), எச்எஃப் என்னும் தொலைதூர அலைவரிசைகளைச் சேர்ந்த 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் அதிலேயே கிடைக்கின்றன. பவர் வரம்பு குறைவு என்பது உண்மை. ஆனால் தோளில் சுமந்து போகிறவருக்கு அந்த வரம்பைத் தொடும் வாய்ப்பே வராது. அழைப்புக்குறி, அதாவது ஹாமின் அடையாளப் பெயர், வி.யு.3 என்று தொடங்கும். பொது வகுப்புக்கு வி.யு.2.

தேர்வை விட, முடிவும் உரிமமும் கைக்கு வரும்வரை காத்திருப்பதுதான் சோதனை. மாதக்கணக்கில் ஆகலாம். டிசம்பரில் மலையேறத் திட்டமென்றால் நவம்பரில் விண்ணப்பிக்காதீர்கள்.

உரிமமே இல்லாமல் பயன்படுத்தக்கூடிய வாக்கி டாக்கி இல்லையா?

இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த பவர் கருவிகளுக்கு 2018இல் உரிம விலக்கு தரப்பட்டது. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிட்டிசன் பேண்டுக்கும் (பொதுமக்களுக்கான பட்டை) 5 வாட் வரை விலக்கு உண்டு. முன்னே போகிறவரும் பின்னே வருகிறவரும் பேசிக்கொள்ள 446 கருவியே போதும், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் வாங்கும்போது அந்தக் கருவிக்கு இந்தியாவில் முறையான ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். இணையக் கடைகளில் ஒப்புதல் இல்லாத வாக்கி டாக்கிகள் கண்டபடி விற்கப்படுவதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் தனி வழிகாட்டுதலே வெளியிட வேண்டியிருந்தது.

முதல் ரேடியோ எதை வாங்குவது? மலிவு சீனக் கருவி போதுமா?

உரிமம் வந்த பிறகு வாங்குங்கள், இதுதான் முதல் பதில். கைக்கருவி என்றால் 5 வாட் விஎச்எஃப், தனியாகக் கழற்றக்கூடிய பேட்டரி, ஆன்டெனாவை மாற்றும் வசதி. யேசு (Yaesu), ஐகாம் நிறுவனக் கருவிகள் விலை கூடுதல், ரிசீவர் நன்றாக இருக்கும். பாஃபெங் போன்ற மலிவுக் கருவிகள் வேலை செய்யாதவை அல்ல. அவற்றின் சிக்கல், ஹாம் பட்டையைத் தாண்டி 136 முதல் 174 வரை எங்கு வேண்டுமானாலும் ஒலிபரப்பிவிடும் என்பதுதான். காவல்துறை, வனத்துறை, கப்பல்கள் எல்லாம் அந்த எல்லைக்குள் வருகின்றன. பட்டன் தவறி அழுத்தப்பட்டால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்.

மிச்சமாகும் பணத்தை ஆன்டெனாவில் போடுங்கள். கருவியோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாதான் அந்தக் கருவியின் ஆக பலவீனமான பாகம். சுமார் 49 செ.மீ. நீளக் கால் அலை (அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு) ஆன்டெனா ஒன்றை மாட்டினாலே வித்தியாசம் தெரியும். ஆன்டெனாவின் அடியில் கருவியின் உலோகப் பகுதியோடு சேர்த்து அதே நீளத்தில் ஒரு வயரைக் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் மேல். செலவு சில ரூபாய்.

5 வாட்டில் எவ்வளவு தூரம் பேசலாம்?

பெட்டியின் மேல் போட்டிருக்கும் கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும், பூமி வளைவதால் அடிவானத்துக்குக் கொஞ்சம் அப்பால் முடிந்துவிடும். கணக்கு எளிது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். இரண்டு முனைகளுக்கும் போட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படகில் உட்கார்ந்திருப்பவரின் ஆன்டெனா தண்ணீருக்கு மேல் 2 மீட்டர் என்றால் 5.8 கி.மீ. இரண்டு படகுக்கும் அதேதான் என்றால் மொத்தம் சுமார் 11.6 கி.மீ. பவரைப் பத்து மடங்கு ஏற்றினாலும் இது பெரிதாகக் கூடாது. கரையில் 50 மீட்டர் கோபுரத்தில் ஆன்டெனா இருந்தால் அதற்கு 29, உங்கள் 5.8ஐயும் சேர்த்தால் 35 கி.மீ. வரை. ஏற்காட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கோ அடிவானமே 160 கி.மீ. அதனால்தான் மலை உச்சியில் நிற்கும் 5 வாட் கைக்கருவி சமவெளியின் 50 வாட் நிலையத்தைத் தோற்கடிக்கிறது. அதே ஆள் மலையின் பின்பக்கச் சரிவில் இறங்கி முகாம் போட்டால் அடுத்த ஊரே கேட்காது. முகாம் பள்ளத்தில்தான் என்றால், பேசுவதற்கு மட்டும் மேட்டுக்கு ஏறிப் போங்கள்.

கடலில் சில நாட்களில் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். ஈரமான குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று படிந்தால் அலை அந்த இடைவெளியில் மாட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். ஹாம்கள் அதை டக்டிங் என்பார்கள். கேட்க உற்சாகமாக இருக்கும், ஆனால் உயிரை அதன்மேல் பணயம் வைக்க முடியாது.

ரிப்பீட்டர் என்பது என்ன?

உயரமான இடத்தில் இருந்துகொண்டு உங்கள் குரலை வாங்கி வேறு அலைவரிசையில் உடனே திருப்பி அனுப்பும் நிலையம். அது எட்டினால் உங்கள் கைக்கருவிக்கும் மலையுச்சி உயரம் வந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஹாம் மன்றங்கள் சொந்தச் செலவில் நடத்துவதால் சில நாள் இயங்கும், சில நாள் இடி விழுந்து படுத்திருக்கும். போவதற்கு முந்தின வாரம் அந்தப் பகுதி ஹாம்களிடம் அலைவரிசையும் டோனும் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு போகும் மெல்லிய ஒலி) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணையப் பட்டியல்களில் செத்துப்போன ரிப்பீட்டர்கள் நிறைய.

படகில் ஹாம் ரேடியோ இருந்தால் கடல்சார் விஎச்எஃப் தேவையில்லைதானே?

தேவை. கடல்சார் விஎச்எஃப் என்பது கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளவென்றே உள்ள தனி ரேடியோ. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கடலில் ஆபத்து என்றால் கப்பல்களும் கடலோரக் காவல்படையும் செவிகொடுப்பது 16ஆம் சேனலில், அதாவது 156.800 மெகாஹெர்ட்ஸில். அரை மைலில் ஒரு சரக்குக் கப்பல் போனாலும் அதன் மேல்தளத்தில் 145 மெகாஹெர்ட்ஸை யாரும் கேட்கமாட்டார்கள். கடல்சார் விஎச்எஃபில் டிஎஸ்சி (ஒரே பட்டனில் ஆபத்துச் செய்தி அனுப்பும்) வசதி இருந்தால் சிவப்பு பட்டனை அழுத்தியதும் 70ஆம் சேனலில் உங்கள் படகின் அடையாள எண்ணும், ஜிபிஎஸ் இணைந்திருந்தால் இருப்பிடமும் போய்ச் சேரும். இந்தியப் படகுகளின் அந்த எண் 419 என்று தொடங்கும். அந்தக் கருவிக்கு உரிமம் தனி, ஹாம் உரிமத்தில் அது அடங்காது. ஹாம் கருவியைத் திருத்தி 16ஆம் சேனலில் வழக்கமாகப் பேசுவதும் சட்டவிரோதம்.

கரை தெரிகிற தூரத்தில் செல்போனில் கூப்பிட வேண்டிய எண்கள்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல்துறை (மேலே சொன்ன கடலோரக் காவல் குழுமம்) 1093.

அப்படியானால் படகில் ஹாம் எதற்கு என்றால், பேச்சுக்கு. நீண்ட பயணத்தில் கரையில் இருக்கும் நண்பருக்குத் தினமும் இருப்பிடம் சொல்ல, வானிலை கேட்க, எச்எஃபில் ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ளவரைப் பிடிக்க. 14.300 மெகாஹெர்ட்ஸ் உலகெங்கும் கடலோடி ஹாம்கள் கூடும் இடம். வின்லிங்க் என்னும் சேவை மூலம் எச்எஃபிலேயே மின்னஞ்சலும் அனுப்பலாம். மாதக்கணக்கில் கடலைக் கடக்கிறவர்களுக்கு இவை பெரிய துணை. கோவளத்திலிருந்து காலையில் போய் மதியம் திரும்பும் கயாக்காரருக்கு இவை எதுவும் வேண்டாம், நீர்புகாத செல்போன் உறையும் ஒரு விசிலும் உயிர்காக்கும் அங்கியும் முதலில் வாங்கட்டும்.

மீன்பிடிப் படகுகளுக்கு ஹாம் உதவுமா?

தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஹாம் சேவையில் வணிகத் தகவலுக்கு இடமில்லை, எங்கே மீன் கிடைக்கிறது என்று சொல்வதும் அதில்தான் வரும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. மேலே சொன்ன அடிவானக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கரை விஎச்எஃப் அவர்கள் இருந்த இடத்துக்கு எப்படிப் போகும்? ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் வழிதான் தீர்வு. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்கள் (செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கி அனுப்பும் கருவிகள்) இப்போது படகுகளில் பொருத்தப்படுவது அதற்காகத்தான்.

என் ஹாம் கருவியை அப்படியே படகில் ஏற்றலாமா?

கப்பலில் ஹாம் நிலையம் இயக்கத் தனி அனுமதி வேண்டும், கப்பல் தலைவரின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். இந்தியத் துறைமுகத்துக்குள் நிற்கும்போது இயக்கக் கூடாது. இன்னொரு நாட்டின் கடலெல்லைக்குள் போனால் அந்த நாட்டின் விதி. பாக் நீரிணையில் எல்லை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சிறு படகாக இருந்தாலும் கேட்டுக்கொண்டே ஏற்றுங்கள். ஏரியில் துடுப்புப் போடுகிறவர் கூட, உரிமத்தில் நடமாடும் நிலையத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மலைப் பள்ளத்தாக்கில் விஎச்எஃப் எட்டாது. வேறு வழி?

எச்எஃப், அதிலும் 7 மெகாஹெர்ட்ஸ். முகாம் ஹாமின் உண்மையான சுகம் இங்கேதான். எச்எஃப் அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். ஆன்டெனாவைத் தாழ்வாகக் கட்டினால் சக்தியில் பெரும்பகுதி நேர் மேலே போய்ச் சுற்றிலும் மழையாக இறங்கும். நான்கு பக்கமும் மலை சூழ்ந்திருந்தாலும் கவலையில்லை, அலை வருவதே தலைக்கு மேலிருந்து. மேகமலைப் பள்ளத்திலிருந்து மதுரையோ சென்னையோ பகலில் இப்படித்தான் கிடைக்கும்.

ஆன்டெனா செய்வது ஒரு மாலை வேலை. தலா 10 மீட்டரில் இரண்டு வயர், நடுவிலிருந்து கருவிக்கு ஒரு கோஆக்சியல் கேபிள் (டிவி கேபிள் போன்றது). நடுப்பகுதியை 4, 5 மீட்டர் உயரத்தில் ஒரு மூங்கிலிலோ மடக்குத் தூண்டில் கழியிலோ கட்டி, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் தலைக்கு மேல் உயரத்தில் இழுத்துக் கட்டினால் தலைகீழ் வி வடிவம் வந்துவிடும். உயரம் போதவில்லையே என்று வருந்த வேண்டாம், பக்கத்து மாவட்டங்களோடு பேசத் தாழ்வுதான் நல்லது. வயரின் முனையை யாரும் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஒலிபரப்பும்போது அங்கே மின்னழுத்தம் அதிகம், சுடும்.

பகலில் 7. இரவில் அதே பட்டை பக்கத்து ஊரை விட்டுவிட்டுத் தொலைதூரத்துக்குத் தாவிவிடும். அப்போது அருகிலிருப்பவருக்கு 3.5 மெகாஹெர்ட்ஸ் வேண்டியிருக்கும், அதற்கு வயரும் இரட்டிப்பு நீளம். ஓர் இரவு முகாமுக்கு இவ்வளவு சுமக்காதீர்கள். காலையில் 7இல் பேசிக்கொள்ளலாம், இந்திய ஹாம்களின் காலை நெட்டுகள் (குறித்த நேரத்தில் கூடிப் பேசும் கூட்டங்கள்) பெரும்பாலும் அங்கேதான் கூடுகின்றன.

பேட்டரி எவ்வளவு தேவை?

20 வாட் எச்எஃப் கருவி கேட்கும்போது அரை ஆம்பியர் அளவிலும், பேசும்போது உச்சத்தில் 5 ஆம்பியர் வரையும் (சராசரி இதைவிடக் குறைவு) இழுக்கும். தினமும் இரண்டு மணி நேரம் இயக்கி அதில் கால்வாசி நேரம் பேசுகிறீர்கள் என்றால் நாளுக்குச் சுமார் 2.5 ஆம்பியர்-மணி போகும். 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு நாள் தாங்கும், எடை ஒரு கிலோவுக்குள். அதே அளவு ஈய-அமிலப் பேட்டரி இரண்டு கிலோவைத் தாண்டும், முழுவதும் தீர்த்தால் கெட்டும் போகும். 100 வாட் கருவி 20 ஆம்பியர் கேட்கும், அதைக் காரில் வையுங்கள், தோளில் வேண்டாம். கைக்கருவியைப் பேசும் நேரம் தவிர அணைத்து வைத்தாலே பேட்டரி நீண்ட நாள் வரும்.

படகில் ஆன்டெனாவை எங்கே கட்டுவது?

முடிந்த அளவு உயரத்தில். ஃபைபர் படகில் உலோகத் தளம் இல்லாததால் கால் அலைக் கம்பி சரியாக வேலை செய்யாது, தரை (ஆன்டெனாவுக்கு எதிர்ப்பகுதியாக அடியில் இருக்கும் உலோகமோ நீரோ) தேவைப்படாத அரை அலை வகையை வாங்குங்கள். பாய்மரப் படகில் எச்எஃப் வேண்டுமென்றால் பின்புறத் தாங்குகம்பியை இரு முனையிலும் இன்சுலேட்டர் போட்டு ஆன்டெனாவாக்குவார்கள், டியூனரிலிருந்து (ஆன்டெனாவைக் கருவியோடு பொருத்தும் பெட்டி) செம்புப் பட்டையைக் கடல்நீரோடு தொடர்புபடுத்துவார்கள். உப்புநீர் அருமையான தரை. 100 வாட்டில் வீட்டில் கிடைக்காதது 20 வாட்டில் கடலில் கிடைக்கும். அவுட்போர்டு எஞ்சின் ஓடும்போது இக்னிஷன் இரைச்சல் காதைக் கிழிக்கும், அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

செயற்கைக்கோள் மெசஞ்சர் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

வெளிநாட்டு மலையேற்ற வீடியோக்களில் எல்லோர் தோளிலும் தொங்கும், செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் அந்தச் சிறு கருவியை இந்தியாவுக்குள் அனுமதியில்லாமல் கொண்டுவந்ததற்காகவே வெளிநாட்டவர்கள் விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். இரிடியம், துரையா தொலைபேசிகளுக்கும் இதே நிலை. எனக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிக்கவில்லை. ஆனால் அது இருக்கிறது, அனுமதியில்லாமல் வாங்காதீர்கள்.

காட்டிலிருந்து கூப்பிட்டால் யார் கேட்பார்கள்?

நீங்கள் ஏற்பாடு செய்யாவிட்டால், பெரும்பாலும் யாருமில்லை. நம் ஊரில் விஎச்எஃபை நாள் முழுக்கத் திறந்து வைத்திருக்கும் ஹாம்கள் குறைவு. புதிதாக வருகிறவர்கள் கருவியில் மாதச் சம்பளத்தைப் போட்டுவிட்டு இதில் கோட்டை விடுகிறார்கள்.

ஹாம் பேச்சில் இதற்கு ஸ்கெட் என்று பெயர்: இந்த நேரம், இந்த அலைவரிசை, நான் கூப்பிடுவேன், நீ கேள். போகுமுன் இரண்டு நண்பர்களிடமாவது பேசி வையுங்கள். காலை 7 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பத்து நிமிடம். முதல் அலைவரிசையில் கிடைக்காவிட்டால் எதற்கு மாறுவது என்பதையும் முடிவு செய்யுங்கள். அதைவிட முக்கியம், உங்கள் குரல் வராவிட்டால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது. ஒரு ஸ்கெட் தவறினால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், காத்திருக்கட்டும். இரண்டாவதும் தவறினால் யாருக்கு போன் செய்வது? வனச்சரக அலுவலக எண், உங்கள் பாதை, குழுவில் எத்தனை பேர், திரும்பும் நாள் எல்லாம் அவர்கள் கையில் எழுதப்பட்டு இருக்க வேண்டும். இதைச் செய்துவிட்டால் கருவி மலிவாக இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் உள்ளவருக்கு உரிமம் இல்லையென்றால் அவர் பேச முடியாது. கேட்கும் நண்பரே போனில் அவருக்குத் தகவல் சொல்லட்டும்.

உரிமம் இல்லாதவர் ஆபத்தில் ஹாம் கருவியை எடுத்துப் பேசலாமா?

உயிராபத்தில் இருக்கும் நிலையம் கிடைக்கும் எந்த வழியிலும் உதவி கேட்பதைச் சர்வதேச ரேடியோ விதிமுறைகள் தடுப்பதில்லை. உரிமம் உள்ளவர் பாறையில் விழுந்து கிடக்கும்போது கூட வந்தவர் பட்டனை அழுத்தலாம். ஆகவே கிளம்புமுன் கூட வருபவர்களுக்கு அந்தப் பட்டனையும் ஸ்கெட் அலைவரிசையையும் காட்டி வையுங்கள். அவசரத்துக்கு இருக்கட்டுமே என்று உரிமமில்லாமல் கருவி வாங்கி வைப்பதற்கு இது சாக்கு ஆகாது.

காட்டுக்குள் கொண்டுபோக வனத்துறை விடுமா?

முன்பே சொன்னால் சிக்கல் குறைவு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறியவர்கள் பலர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024இல் வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன, வழிகாட்டியோடுதான் போக முடியும். அனுமதி கேட்கும்போதே ஹாம் கருவி இருப்பதைச் சொல்லி, உரிமத்தின் நகலைக் கையில் வையுங்கள். காப்புக்காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கவும் மரத்தில் ஆணி அடித்து வயர் கட்டவும் யாருக்கும் உரிமையில்லை. முழு எச்எஃப் நிலையம் போட ஆசையென்றால் ஏலகிரி, ஏற்காடு பக்கம் தனியார் தோட்டம் ஒன்றைப் பிடியுங்கள், நிம்மதி.

தமிழில் பேசலாமா?

பேசலாம், பேசுகிறார்கள். அழைப்புக்குறியை மட்டும் எல்லோருக்கும் புரியும் விதத்தில் சொல்லுங்கள். அரசியலும் வியாபாரமும் வேண்டாம், சங்கேத மொழி கூடவே கூடாது.

உரிமம் வரும்வரை என்ன செய்வது?

கேளுங்கள். இணையத்தில் உலாவியிலேயே கேட்கக்கூடிய வெப்எஸ்டிஆர் ரிசீவர்களில் 7 மெகாஹெர்ட்ஸைத் திறந்து வைத்தால் ஹாம்கள் எப்படி அழைக்கிறார்கள், எப்போது வாய்மூடுகிறார்கள் என்பது பழகிவிடும். சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் பேசும், தலைக்கு மேல் கடக்கும்போது சாதாரண ரிசீவரிலேயே விழும். உள்ளூர் ஹாம் ஒருவரின் வீட்டுக்குப் போய் அவருடைய ஷாக்கில் (ரேடியோ அறையில்) ஒரு காலை உட்காருங்கள். பெரும்பாலான ஹாம்கள் டீ கொடுத்து, போதும் போதும் என்னும்வரை விளக்குவார்கள்.

மழை, இடி, உப்பு?

இடி கேட்டால் ஆன்டெனாவைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு விலகிப் போங்கள், ஸ்கெட் தவறினால் தவறட்டும். கடலுக்கு ஐபிஎக்ஸ்7 தரக் கருவி, அதாவது 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி தாங்குவது. மிதக்கும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் கயிற்றில் கட்டி அங்கியில் மாட்டுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஆன்டெனா இணைப்பைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள், மைக் மூடியையும் திறந்து உலர விடுங்கள்.